வேர் என்றால் எங்கே?

எதிர்வீட்டுப் பையன் ஒரு வாரமாக என் கண்ணில் படவில்லை. தினம் காலையில் பத்திரிகை வாங்கிப் போக வருகிறவன். பி.காம். முதல் வகுப்பில் தேறியவன். கணக்கு என்றால் விரல் நுனியில் வைத்திருப்பான். பத்திரிகை மடித்தது மடித்தபடியே என் மேஜைமேல் கிடப்பதைப் பார்த்து, உடம்புதான் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அவன் தாயார் வந்தாள்.

"நீங்கள்தான் அவனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லணும், அண்ணா. சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்டர்வியூவுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி இருக்கிறான்."

கூப்பிட்டேன். வந்தான். வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னான்:

"உள்ளே நாலு பேர் இருந்தார்கள், மாமா. எதிரே இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. எதில் உட்காருவது என்று தெரியவில்லை. மரியாதையாகத்தான் கேட்டேன். 'மே ஐ நோ வேர் ஷுட் ஐ ஸிட்' என்று கேட்டேன். நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். 'முதலில் இங்கிலீஷில் உட்காரக் கற்றுக்கொண்டு வா, தம்பி' என்றார். அப்புறம் அவர்கள் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள்தான். வாயே திறக்கவில்லை."

"நீ கேட்டதில் என்ன பிழை என்று தெரியுமா?"

"இன்னும் தெரியவில்லை, மாமா. வேர் என்றால் எங்கே. கேள்வி கேட்டால் 'ஷுட்' முன்னால் வரும். அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?"

அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம், கல்லூரியில் மூன்று வருஷம், ஆகப் பதினைந்து வருஷம் அவன் ஆங்கிலம் படித்திருக்கிறான். அவன் தகப்பனார் சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்காகவே போயிருக்கிறது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும், தான் எதற்காகச் சிரிக்கப்பட்டோம் என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்தச் சிரித்த மனிதரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவரைப் போன்றவர்கள் எல்லா மேஜைகளுக்குப் பின்னாலும் இருக்கிறார்கள். என் வழக்கு, 'வேர் என்றால் எங்கே' என்று எழுதிப்போட்டுவிட்டு, பாடம் முடிந்தது என்று சாக்குக் கட்டியைக் கீழே வைத்தவர்களோடு.

வேர் என்றால் எங்கே. வென் என்றால் எப்போது. வொய் என்றால் ஏன். ஹௌ என்றால் எப்படி. நம்மில் ஒவ்வொருவரும் இதை ராகம் போட்டுப் படித்தவர்கள்தாம். தெருவில் நின்று கேள்வி கேட்பதற்கு இது போதும். ஆனால் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து எந்தப் பக்கத்தையாவது பிரித்துப் பாருங்கள். இந்த நான்கு சொற்களும் கேள்வி கேட்க வந்திருக்கும் இடங்கள் சொற்பம். மற்ற இடங்களிலெல்லாம், ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள் கொண்டுபோய்ச் செருகுவதற்கான கீலாகத்தான் அவை நிற்கும். 'தி ஹௌஸ் வேர் ஐ வாஸ் பார்ன்' என்றால் யாரும் எதையும் கேட்கவில்லை. 'நான் பிறந்த வீடு' என்று சொல்லுகிறார்கள். அந்த 'வேர்' தமிழில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தமிழுக்கு அது வேண்டியிருக்கவில்லை. 'பிறந்த' என்ற எச்சத்தின் வாலிலேயே அந்தக் காரியம் முடிந்துவிடுகிறது.

இதை எந்த உபாத்தியாயராவது எந்த வகுப்பிலாவது சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பையனுடைய வாக்கியத்துக்கு வருவோம். 'நான் எங்கே உட்கார வேண்டும்?' என்பது ஒரு கேள்வி. இதைத் தமிழில் இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்கவேண்டுமானால் என்ன செய்கிறோம்? கேள்வியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்து, பின்னால் ஓர் 'என்று' போட்டுவிடுகிறோம். 'நான் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாமா?' கேள்விக்கு ஒரு சேதமும் இல்லை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'வேர் ஷுட் ஐ ஸிட்' என்று தனியாக நிற்கும்போது கேள்வியின் தலை திரும்பியிருக்கிறது. உள்ளே போனதும் அந்தத் தலை நேராகிவிடவேண்டும்: 'மே ஐ நோ வேர் ஐ ஷுட் ஸிட்.' முன்னால் நின்ற 'மே ஐ' என்பதே கேள்வி கேட்டுவிட்டது. இரண்டாவது முறை கேட்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வழக்கம். நம் பிள்ளை தமிழ் மூளையோடு, தமிழ் மரியாதையோடு, கேள்வியைக் கலைக்காமல் முழுசாகக் கொண்டுபோய் வைத்தான். அவன் செய்தது முட்டாள்தனம் அல்ல. ஒரு மொழியின் ஒழுங்கான சட்டத்தை இன்னொரு மொழியில் கடைப்பிடித்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அயர்லாந்துக்காரர் ஒருவர் 'ஐ ஆஸ்க்டு ஹிம் வாஸ் ஹி கமிங்' என்பார். அங்கே பேசுகிற ஆங்கிலத்தில் அது சகஜம். உள்ளே போன கேள்வியின் தலை அவர்களிடமும் நேராகாது. அதைக் கேட்டால் படித்தவர்கள், 'ஆஹா, என்ன அழகான வட்டார வழக்கு!' என்று புத்தகத்தில் குறித்துவைக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் அதே காரியத்தைச் செய்தால், உட்காரத் தெரியாதவன்.

இதற்காக, அவன் சொன்னதே சரி என்று நான் வாதாடப் போவதில்லை. சோற்றுக்காக ஒரு மொழியைக் கற்கிறோம் என்றால், சோறு போடுகிறவன் ஒப்புக்கொள்ளும் விதத்தில்தான் கற்றாகவேண்டும். பிழை பிழைதான். ஆனால் அந்தப் பிழையில் பையனுக்குப் பங்கு கொஞ்சம். மிச்சப் பங்குக்கு உரியவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இந்தச் சொற்களுடைய பிறப்பு வளர்ப்பைச் சற்றுப் பார்த்தால் அவற்றிடம் நமக்கு இருக்கும் பயம் பாதி போய்விடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே இருந்த ஆங்கிலத்தில் 'வேர்' என்பது கேள்வி கேட்கத்தான். 'நான் பிறந்த வீடு' போன்ற இடங்களில் அவர்கள் 'எங்கே' என்ற சொல்லையே போடவில்லை. 'அங்கே' என்ற சொல்லைப் போட்டார்கள். கேள்விச் சொற்களுக்கு முன்னும் பின்னும் 'ஸ்வா' என்று ஓர் ஒட்டைச் சேர்த்து 'எங்கெங்கோ', 'எங்கேயாயினும்' என்ற பொருளை உண்டாக்குகிற வழக்கமும் இருந்தது. 'எங்கே போகிறானோ அங்கே' என்று நாம் சொல்லும்போது ஓர் 'ஓ' சேர்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்தமாதிரி. அந்தச் சந்து வழியாகத்தான் கேள்விச் சொல் மெல்ல மெல்ல இணைப்புச் சொல்லாக நுழைந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். 1400-இல் காலமான சாஸர் என்ற கவியின் நாளில் அது நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் அப்போதுகூட 'வென்' தனியாக நிற்கக் கூச்சப்பட்டிருக்கிறது. 'வென் தட்' என்று பின்னால் ஒரு துணை சேர்த்து எழுதுவது சகஜமாக இருந்தது. கேள்வியாக அல்ல, வேறு காரியமாக வந்திருக்கிறேன் என்று அடையாளச்சீட்டு காட்டியதுபோல. நம்முடைய 'என்று' செய்கிற வேலைக்கு அது தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றுகிறது.

'வொய்' என்ற சொல்லின் கதை இதைவிட ருசியானது. 'வாட்' என்கிற 'எது'தான், பழைய நாளில் ஒரு வேற்றுமை ஏற்று 'வொய்' ஆயிற்று. எந்த வேற்றுமை? நம்முடைய மூன்றாம் வேற்றுமை போன்றது. ஆகவே 'வொய்' என்பது பிறப்பில் 'ஏன்' அல்ல, 'எதனால்'. 'ஒய்ல்' என்று ஒரு சொல் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து திரிகிறதே, அது கேள்விச் சொல்லே அல்ல. 'பொழுது' என்று பொருள்படும் பெயர்ச்சொல். 'அவன் வந்த பொழுது' என்பதில் நம்முடைய 'பொழுது' பெயராகப் பிறந்து இணைப்பாக வேலை செய்கிறதல்லவா? அவர்கள் பொழுதும் அதே பாதையில் போயிருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவே கிடையாது. ஆனாலும் தட்டுப்பாடு வந்தபோது வீட்டில் கிடந்த ஒரேமாதிரிச் சாமானை எடுத்துத்தான் இருவரும் சமாளித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் சூட்டுவது. நெஸ்பீல்டு காலத்திலிருந்து, ரென்–மார்ட்டின் காலம் தொட்டு, நம் வகுப்பறைகளில் நடந்துவந்திருப்பது ஒரு நாமகரண உற்சவம். ஒரு நீளமான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைத் துண்டு போட்டு, இது பெயர்த் துணைவாக்கியம், இது பெயரடைத் துணைவாக்கியம், இது வினையடைத் துணைவாக்கியம் என்று சீட்டு ஒட்டவேண்டும். ஒட்டினால் மதிப்பெண். ஒட்டத் தெரிந்தவனுக்கு அப்படி ஒரு வாக்கியத்தைச் சொந்தமாக எழுதத் தெரியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. பிரேதப் பரிசோதனையில் தங்கப் பதக்கம் வாங்கியவர், ஜுரத்துக்கு மருந்து தரத் தெரியாதவர் என்றால் எப்படி? அந்தச் சீட்டுகளும் ஒன்றும் வேதவாக்கு அல்ல. 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேரிலக்கணம் 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்' முதலியவற்றை இணைப்புச் சொல் வரிசையிலிருந்தே கிளப்பி வேறு பெட்டியில் போட்டுவிட்டது. பிறந்த ஊரிலேயே பெயர் மாறுகிறது. இங்கே அந்தப் பழைய பெயருக்காகப் பிள்ளைகள் அடிவாங்கியிருக்கிறார்கள்.

'வேர்' என்றால் இடம்தான் என்று சாதிக்கிறவர்கள் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 'வேர்' என்றும் 'வென்' என்றும் தொடங்குகிற பிரிவுகள் அதில் ஏராளம். அங்கே இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. இரு தரப்பாரும் தவறான எண்ணத்தில் இருந்தால் என்று சொல்ல வந்த இடத்தில் 'வேர்' நிற்கிறது. 'எங்கே இருவரும் தவறாக எண்ணுகிறார்களோ' என்று அதை மொழிபெயர்த்தால், நீதிபதி எந்த ஊர் என்று கேட்பார். நம் பழைய உரைகாரர்களுக்கு இந்தச் சிரமமே இருந்ததில்லை. 'வந்தவிடத்து', 'கேட்டவிடத்து' என்று எழுதினார்கள். சொல்லில் இடம் இருக்கிறது, பொருளில் 'வந்தால்', 'கேட்டால்' என்று நிபந்தனை. ஆங்கிலச் சட்டத்தின் 'வேர்' செய்கிற வேலையை அச்சாகச் செய்கிறது அந்த 'இடத்து'.

இதைப் பற்றி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நண்பர் ஒருவரிடம் சண்டை பிடித்தேன். அவர் சொன்னார்: "நீர் நாவல் எழுதுகிறவர். உமக்கு எதற்கு ஐயா இங்கிலீஷ் இலக்கணம்? தமிழை வகுப்புக்குள் விட்டால் பிள்ளைகள் தமிழிலேயே யோசிப்பார்கள். தமிழை வெளியே நிறுத்தினால்தான் இங்கிலீஷ் உள்ளே வரும்."

நாள் முழுதும் ஆங்கிலம் புழங்குகிற வீட்டுக் குழந்தைக்கு அவர் சொல்வது பொருந்தலாம். நாளைக்கு முக்கால் மணி நேரம் ஆங்கிலம் கேட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தமிழில் விளையாடி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் கனவு காண்கிற பிள்ளை, தமிழில் யோசிக்காமல் வேறு எதில் யோசிப்பான்? தமிழில் பேசினால் அபராதம் என்று எழுதிவைத்தால் வாய் மூடும், யோசனை மூடுமா? வாசலில் நிறுத்திய தமிழ் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. திருட்டுத்தனமாக வந்ததால் அதை யாரும் விசாரிப்பதில்லை. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி ஃபைல்' என்று எழுதும்போது அவனுடைய பேனாவைப் பிடித்திருப்பது அந்தத் தமிழ்தான். முன்வாசலால் அழைத்து, நாற்காலி போட்டு, 'உன் வழக்கம் இது, அவர்கள் வழக்கம் அது' என்று பேசியிருந்தால் அதுவே நல்ல உபாத்தியாயராக இருந்திருக்கும்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பியைக்கூட முழுதும் குடிக்காமல் போய்விட்டார்.

இந்த 'வேர் என்றால் எங்கே' நம் ஆங்கிலத்தை மட்டும் கெடுக்கவில்லை. நம்முடைய தமிழையும் கெடுத்துவைத்திருக்கிறது. அதில் நானும் குற்றவாளி. என் முதல் கதைகளில் ஒன்றை அச்சுக்குக் கொடுத்தபோது, 'எங்கே நான் பிறந்தேனோ அந்த வீட்டை, எப்பொழுது நான் பார்த்தேனோ அப்பொழுது என் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, கம்பீரமாக இருக்கிறது என்று இரண்டு தரம் உரக்கப் படித்தும் பார்த்தேன். அச்சகத்தில் ஒரு கம்பாஸிட்டர் இருந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 'நான் பிறந்த வீட்டைப் பார்த்தபோது' என்று போட்டால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"ஏன் ஐயா?"

"எழுத்து பாதிக்குமேல் மிச்சம். கை வலிக்கிறது."

அவர் கைவலி எனக்குச் செய்த உபகாரத்தை எந்த இலக்கிய விமர்சகரும் செய்ததில்லை. ஆங்கில நாவல்களையே தின்று வளர்ந்த மூளை, 'வேர்' வந்த இடத்திலெல்லாம் 'எங்கே'யை நட்டிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

'எங்கே–அங்கே' என்பது தமிழுக்கு அந்நியம் என்று நான் சொன்னதாக யாரும் எழுதவேண்டாம். எகரத்தில் எடுத்து அகரத்தில் முடிக்கும் அமைப்பு குறளிலேயே இருக்கிறது. ஆனால் அது 'எதுவானாலும்', 'எவரானாலும்' என்று பொதுப்படப் பேசுவதற்கு. குறிப்பிட்ட ஒரு வீட்டை, குறிப்பிட்ட ஒரு சாயங்காலத்தைச் சொல்ல நமக்கு எச்சம் இருக்கிறது. அதன் கெட்டிக்காரத்தனத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூல் வகுத்துவைத்தது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறுவகைப் பெயர்களைப் பெயரெச்சம் தழுவும் என்கிறார் பவணந்தியார். எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். ஆங்கிலேயன் இதற்கு 'ஹூ', 'வித் விச்', 'வேர்', 'வென்' என்று வெவ்வேறு சாவி தேடவேண்டும். நமக்கு ஒரே சாவி. 'நான் சாப்பிட்ட தட்டு' என்றால் தட்டைத் தின்றுவிட்டேன் என்று யாரும் நினைப்பதில்லை. எப்போதாவது குழப்பம் வராது என்றும் சொல்லமாட்டேன். 'நான் கேட்ட பையன்' என்றால், நான் விசாரித்த பையனா, எனக்கு வேண்டும் என்று கேட்ட பையனா? அங்கே ஆங்கிலக்காரனுடைய பல சாவி கொஞ்சம் உதவும். உள்ளதைச் சொல்லவேண்டும்.

ஒரு வேடிக்கை. அந்த ஆறில் காரணமும் விதமும் பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் 'வந்த காரணம்', 'வந்த விதம்' என்று நாம் தாராளமாகப் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் இந்த இரண்டு இடத்தில்தான் சங்கடம். 'தி ரீஸன் வொய்' என்பதை, கூறியது கூறல் என்று சில பண்டிதர்கள் இன்றும் முறைக்கிறார்கள், ஊர் கேட்பதில்லை. 'தி வே ஹௌ' என்று எழுதினாலோ ஊரே முறைக்கிறது. 'வே' அல்லது 'ஹௌ', இரண்டில் ஒன்றுதான். நியாயம் கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் ஒரு பிடிவாதக்காரர் இருப்பார்.

பையனிடம் வருகிறேன். மூன்று நாள் சாயங்காலம் அவனை உட்காரவைத்தேன். சீட்டு ஒட்டவில்லை. ஒரே ஒரு சோதனைதான் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலத்தில் சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பார். தமிழில் 'எங்கே', 'எப்போது' இருந்து, அதன் பின்னால் 'என்று' வந்தால் அது உள்ளே போன கேள்வி. தலையை நேராக்கி வை. தமிழில் 'எங்கே' இல்லாமல் 'பிறந்த வீடு', 'நின்ற இடம்' என்று வந்தால், ஆங்கிலத்தில் வீட்டை முதலில் வைத்து, 'வேர்' என்ற கீலைப் போட்டு, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடு. 'வந்தபோது', 'வரும்போது' என்று வந்தால் 'வென்'. எந்த இடத்திலும் கீலுக்குப் பின்னால் தலை திரும்பாது. ரென்–மார்ட்டினின் மூன்று துணைவாக்கியங்களும் இதில் அடங்கிவிட்டன என்பதை அவனிடம் சொல்லவில்லை. தெரிந்தால் பயந்துவிடுவான்.

நேற்று ஒரு தாளில் பத்து வாக்கியம் எழுதி எடுத்துவந்தான். இந்த மாதம் இருபதாம் தேதி இன்னோர் இடத்தில் இன்டர்வியூ இருக்கிறதாம். ஒன்பது வாக்கியம் சுத்தமாக இருந்தன. பத்தாவது, 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்.'

"'வில்' வேண்டாமடா" என்றேன்.

"வரும்போது சொல்வேன் என்றால் இனிமேல்தானே, மாமா? நேற்று நீங்களே 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' சரி என்று சொன்னீர்களே?"

சொன்னேன்தான். 'எப்போது வருவான் என்று' என்பதில் 'வில்' நிற்கும். 'வரும்போது' என்பதில் நிற்காது. தமிழ் அதைத் தனித்தனியே பிரித்துத்தான் காட்டுகிறது. ஆனால் அதற்குள் அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். இன்று சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினான். போகும்போது பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனான்.